பதினொரு நாள் குளவிக் கணக்கு

பிப்ரவரி 2, திங்கள்

ஆபீசிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மிதுனா ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். ஐந்து பெயர்கள். எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உயிரியல் ஆராய்ச்சி சொல்லித்தருகிற கோடைப் பயிற்சிகளாம். மே மாதம் இதில் ஒன்றுக்குப் போக வேண்டும், எது என்று முடிவு பண்ண வேண்டும் என்கிறாள். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை. நானெல்லாம் மே மாதத்தில் ஆராய்ந்தது, எந்த மாமரத்துக்குக் காவல் இல்லை என்பதை மட்டும்தான்.

மின்வாரியத்தில் இருபத்திரண்டு வருஷமாக மீட்டர் கணக்கெடுக்கிறவனிடம் தாளைக் கொடுத்தால் என்ன ஆகும்? கட்டம் போட்டேன். இடம், எத்தனை நாள், சொல்லித்தருவது யார், முடிவில் என்ன தருவார்கள், நம்மிடம் என்ன கேட்கிறார்கள். மிதுனா பார்த்துவிட்டு, "இன்னொரு கட்டம் போடுங்ப்பா. எம்பட குளவியப் பத்திக் கேப்பாங்களா, மாட்டாங்களா?" என்றாள். போட்டேன்.

அவளுடைய குளவி என்பது எங்கள் தெருக் குளவி. மண்ணை உருட்டி எடுத்துவந்து சுவரில் அறை அறையாகக் கூடு கட்டுமே, அது. குளவிக்கூடு வைத்தால் வீட்டில் குழந்தை வரும் என்று எங்கள் ஊரில் யாரும் அதை உடைக்க மாட்டார்கள். வெள்ளையடிக்க வருகிறவர்களே சுற்றி அடித்துவிட்டுப் போவார்கள். அதனால் தெருவில் பதினான்கு வீடுகளில் கூடுகள் பத்திரமாக இருக்கின்றன. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை தினமும் சாயங்காலம் பதினான்கு வீட்டுக்கும் போய், அன்றைக்குப் புதிதாக எத்தனை அறை மூடியிருக்கிறது என்று எண்ணி நோட்டில் எழுதினாள். நாயே பழகிவிட்டது அவளுக்கு.

பிப்ரவரி 4, புதன்

மூன்றை அடித்தாயிற்று. ஒன்றுக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். ஒன்று ஜூலையில் நடக்கிறது, அப்போது பள்ளிக்கூடம். இன்னொன்றின் இணையப் பக்கத்தில் போன வருஷத்துத் தேதியே காய்ந்துகொண்டிருக்கிறது.

மீதி இரண்டு. முதலாவது சென்னைக் கம்பெனி. வீட்டிலிருந்தபடியே பத்து வாரம். சான்றிதழ் உண்டு. மிதுனா பெயரில் ஆராய்ச்சிக் கட்டுரை நிச்சயம் வெளிவரும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி மையம். நான்கு வாரம் அங்கேயே தங்க வேண்டும். எட்டுப் பேரைத்தான் எடுப்பார்கள். முடிவில் என்ன தருவார்கள் என்ற கட்டம் காலியாக இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் எதையும் சொல்லவில்லை.

என் ஓட்டு சென்னைக்கு. மிதுனாவின் அம்மா பூங்கொடியிடம் கேட்டேன். "போறவளக் கேளுங்க," என்று மாவரைக்கப் போய்விட்டாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

விண்ணப்பம் எழுதினாள். எழுதி முடித்ததை எனக்கு வாசித்துக் காட்டினாள். நடுவில் ஒரு வரி: "அக்டோபர் 11 முதல் 21 வரை கனமழை பெய்த நாட்களிலும் எங்கள் தெருக் குளவிகள் கூடு கட்டுவதை நிறுத்தவில்லை. நாளொன்றுக்குச் சராசரி ஐந்து அறைகள்."

அந்தப் பதினொரு நாள் மட்டும் எழுதியது நான். மிதுனா டெங்குவில் படுத்திருந்தாள். அதையும் விண்ணப்பத்தில் சொல்லியிருக்கிறாள்: இந்த நாட்களில் என் அப்பா பார்த்து எழுதினார் என்று.

"அந்த ஒரு வரி வேண்டாமே, கண்ணு. ரொம்ப நீளமா இருக்குது," என்றேன்.

"அப்பா, இருக்கறதுலயே அதுதான் முக்கியம். மழைல குளவி வேலை செய்யாதுன்னுதான் எல்லாப் பக்கமும் போட்டிருக்குது. நம்ம தெருவுல செஞ்சிருக்குது."

எழுந்து போய் மோட்டார் போட்டேன். தண்ணீர் நிறைந்து வழிந்த பிறகுதான் நிறுத்தினேன்.

பிப்ரவரி 11, புதன்

நூற்று நாற்பது வீடு. ஒன்பது டோர் லாக். வீடு பூட்டியிருந்தால் போன தடவை எவ்வளவு ஓடியதோ அதையே இந்தத் தடவையும் போடுவது விதி. அடுத்த முறை திறந்திருக்கும்போது கழித்துக்கொள்ளலாம். யாருக்கும் நஷ்டமில்லை. மின்சாரத்தில் இது சரியாகத்தான் வரும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இரண்டுக்கும் அனுப்பிவிட்டாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

சென்னைக் கம்பெனியிலிருந்து விஷால் என்று ஒரு பையன் பேசினான். இடம் கிடைத்துவிட்டதாம். "சூப்பர் டேட்டா சார். மழை விஷயம் செமயா இருக்கு. தலைப்பே அதைத்தான் வெக்கப்போறோம். மார்ச் பதினஞ்சுக்குள்ள பதிவு பண்ணிடுங்க." இவ்வளவு சுலபமாக இடம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. கட்டத்தில் டிக் போட்டேன்.

மிதுனா போனை வாங்கி ஐந்து நிமிஷம் பேசினாள். வைத்த பிறகு முகத்தில் பெரிய சந்தோஷம் இல்லை. "நான் எப்படி எண்ணுனன்னுகூட அவரு கேக்கலீங்ப்பா," என்றாள்.

கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் நிம்மதி என்று இங்கே எழுதவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

பெங்களூரிலிருந்து கடிதம். வாழ்த்து கிழ்த்து எதுவும் இல்லை, நேராகக் கேள்வி. பழைய அறையையும் புதிய அறையையும் எப்படிப் பிரித்தாய்? ஒரே குளவி இரண்டு வீட்டில் கட்டியிருந்தால் எப்படித் தெரியும்? அக்டோபர் மழை நாட்களில் பார்த்த நேரம் என்ன? நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்ப முடியுமா? கீழே ஜெசிந்தா என்று கையெழுத்து. டாக்டராம், தூத்துக்குடிக்காரராம்.

மிதுனா வீடு முழுக்க நடந்தாள். "படிச்சிருக்காங்க. ஒவ்வொரு பக்கமாப் படிச்சிருக்காங்க," என்று அவள் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னாள். அப்புறம் என்னிடம் வந்து, மழையில் எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டாள். "வழக்கம்போல அஞ்சரைக்குத்தான்," என்றேன்.

மார்ச் 4, புதன்

சாப்பிடும்போது சென்னைக்காகக் கொஞ்சம் வாதாடினேன். வீட்டிலேயே இருக்கலாம், ஹாஸ்டல் சாப்பாடு இல்லை, கட்டுரை நிச்சயம், பிளஸ் டூ பாடத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

பூங்கொடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பால் சொசைட்டியில் பாலைச் சோதித்து வாங்குகிறவள். கேனைத் திறக்கும்போதே தண்ணீர் ஊற்றியது தெரிந்துவிடும் அவளுக்கு. இன்னும் இரண்டு தோசை போட்டாள்.

மார்ச் 7, சனி

ஜெசிந்தா மேடம் வீடியோவில் பேசினார். மிதுனா பள்ளிச் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், சனிக்கிழமையில். அரை மணி நேரம் கேள்வி மேல் கேள்வி. தெரிந்ததற்குப் பதில் சொன்னாள், தெரியாததற்குத் தெரியாது என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் மேடம், "அப்பா இருக்காகளா? மழை நாள்ல பாத்தது அவகதான?" என்றார்.

போய் உட்கார்ந்தேன்.

"சார், அத்தனை மழைல குளவி எங்கேருந்து மண்ணு எடுத்துச்சு, கவனிச்சீயளா?"

"வாய்க்கா ஓரத்துலிருந்துங்க," என்றேன்.

இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று பதில் சொல்லிப் பழகிய வாய். யோசிக்கவே இல்லை, தானாக வந்துவிட்டது. மேடம் அதைக் குறித்துக்கொண்டார். மிதுனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேசி முடித்ததும், "தேங்க்ஸ்ங்ப்பா. நீங்க இல்லீன்னா அந்தப் பக்கம் காலியாக் கெடந்திருக்கும்," என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

இதை எழுதாமல் இனி இந்த நோட்டில் வேறு எதையும் எழுத முடியாது.

அக்டோபரில் நான் குளவியைப் பார்க்கவில்லை. பிளேட்லெட் தினமும் இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் ஆஸ்பத்திரி, பகலில் மீட்டர், மறுபடி ஆஸ்பத்திரி. வெளியே கொட்டுகிற மழை. மிதுனா கண்ணைத் திறந்தால் முதலில் கேட்டது, "பாத்தீங்களாப்பா?" முதல் நாள் சாயங்காலம் இல்லை என்றதும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கஞ்சி வேண்டாம் என்றாள். அன்றைக்கு ராத்திரியே, "பாத்தேன் கண்ணு, அஞ்சு," என்றேன். எழுந்து உட்கார்ந்து அரை டம்ளர் குடித்தாள். அப்புறம் எந்தத் தகப்பன் நிறுத்துவான்?

நோட்டில் எழுத வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த முறையில் எழுதினேன். டோர் லாக். முந்தைய பத்து நாளைக் கூட்டி வகுத்தேன், ஐந்து வந்தது. எல்லா நாளும் ஐந்து என்று இருந்தால் நம்புகிற மாதிரி இருக்காது என்று நடுவில் நாலும் ஆறும் போட்டேன். அது எந்த விதியிலும் இல்லை.

அவள் கண்டுபிடித்தேன் என்று கொண்டாடுகிற அந்த ஒரு விஷயம், என் கூட்டல் வகுத்தல். குளவி மழையில் கூடு கட்டவில்லை. நான்தான் கட்டினேன்.

பூங்கொடியிடம் சொன்னேன். அவளுக்குப் பாதி தெரிந்திருக்கிறது. "நெஞ்சுல வெச்சுட்டு எத்தன நாளைக்குத் திங்கப் போறீங்க? புள்ளகிட்டச் சொல்லிப்போடுங்க. இப்பவே சொல்லுங்க," என்றாள்.

"இந்த மழை வெச்சுத்தான பூங்கொடி அவங்க கூப்புட்டதே. சொன்னா அந்த எடம் போயிரும்."

"போனாப் போகுது. சொல்லலீன்னா புள்ள பொய்யி மேல போயி உக்காரும்."

மார்ச் 9, திங்கள்

சொன்னேன்.

மிதுனா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நோட்டை எடுத்து அக்டோபர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பதினொரு நாள்ல ஒரு நாளாச்சும் பாத்தீங்களா?"

"ரெண்டு நாள் போறபோக்குல எட்டிப் பாத்தேன் கண்ணு. நம்ம வீடும் பக்கத்து வீடும்."

"எந்த ரெண்டு நாளு?"

"நெனப்பில்ல."

"அப்ப அதும் சேராது."

அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், "நீங்க பாத்தேன்னு சொன்னதுனாலதான் நான் கஞ்சி குடிச்சேன்," என்றாள். கோபத்தில் சொன்னாளா, வேறு எதிலோ சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

அதோடு விட்டிருக்கலாம் நான். புத்தி கெட்டுப்போய், "சென்னைக்கே போயிரு சாமி. அங்க யாரும் கேக்க மாட்டாங்க," என்றேன்.

"அதனாலதாங்ப்பா வேண்டாங்கறேன்," என்று உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 11, புதன்

பெங்களூருக்கு எழுதிவிட்டாள். நான் வாசிக்கக் கேட்கவில்லை, அவளே மேஜை மேல் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். பதினொரு நாளையும் சிவப்பு மையில் கட்டம் கட்டி, "அப்பா எழுதியது. கணக்கில் சேராது" என்று எழுதிப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். முடிவு என்ற இடத்தில் பழைய வரியை அடித்துவிட்டு, "மழையில் குளவி கூடு கட்டுமா என்று எனக்குத் தெரியாது" என்று இருக்கிறது. டெங்கு பற்றியோ கஞ்சி பற்றியோ ஒரு சொல் இல்லை. என்னைக் காப்பாற்றவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை.

மார்ச் 12, வியாழன்

மதியம் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு ஜெசிந்தா மேடத்துக்கு நானே போன் செய்தேன். வாய்க்கால் விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். டோர் லாக் என்றால் என்ன என்று அவர் கேட்டார், அதையும் விளக்கினேன்.

"ஏமாத்தமாத்தான் இருக்கு சார். அந்த மழை விஷயத்துக்காகத்தான் இந்த விண்ணப்பத்தத் தனியா எடுத்து வெச்சோம். இனி மத்தவங்களோட சேத்து வெச்சுத்தான் பாக்கணும்."

"பாப்பா மேல தப்பில்லீங்க. நான் செஞ்சது."

"தெரியுது சார். ஆனா நோட்டு அவளோடதுல்லா? பதினொரு நாள் ஓட்டை ஓட்டைதான்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதற்குப் பிறகு முப்பது வீடு எடுத்தேன். ஒவ்வொரு மீட்டரையும் இரண்டு தடவை பார்த்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

சென்னைக்குக் கடைசி நாள். விஷால் மூன்று முறை கூப்பிட்டான். மூன்றாவது தடவை மிதுனா எடுத்து, மழை நாள் கணக்கு பொய், எடுத்துவிட்டேன் என்று சொன்னாள். "பரவால்லம்மா, அது பெரிய விஷயம் இல்ல, நாங்க பாத்துக்கறோம்," என்றானாம். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

கையில் இருந்த இடம் போயிற்று. இன்னொன்று என்னால் அந்தரத்தில் தொங்குகிறது. அவள் உட்கார்ந்து வேதியியல் படிக்கிறாள், பரீட்சை நடக்கிறது. நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்க்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

காபி கொண்டுபோய் வைத்தேன். "சக்கரை கம்மி," என்றாள். இரண்டு வாரத்தில் அவள் தானாகச் சொன்ன முதல் பேச்சு. ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

முடிவு வந்தது. எட்டுப் பேரில் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர், அதாவது ஒன்பதாவது. மிதுனா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "ஓட்டையோட சேத்தே ஒம்பதாவது," என்றாள், ஓரளவு திருப்தியாக. எனக்குத்தான் ஆறவில்லை. அந்தப் பதினொரு நாளைக் காலியாக விட்டிருந்தால் எத்தனையாவதாக வந்திருப்பாள் என்று மனது கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. இனி சராசரி போட்டுக் கண்டுபிடிக்கிற வேலை வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

சாயங்காலம் ஜெசிந்தா மேடம் போன். எட்டில் ஒரு பையனை அவன் வீட்டில் நீட் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார்களாம், வரவில்லையாம். இடம் மிதுனாவுக்கு. யார் பெற்ற பிள்ளையோ, அவனும் நன்றாக இருக்கட்டும்.

மிதுனா போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "மழைல குளவி என்ன செய்யுதுன்னு அவங்களுக்கும் சரியாத் தெரியாதாமுங்ப்பா. ஒழுங்கா யாரும் ஒக்காந்து பாக்கலியாம். அதையே எடுத்துக்க, பாக்கறதுக்கு ஒரு முறையக் கண்டுபுடிக்கலாங்கறாங்க." சொல்லும்போது என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். நான் பூஜை அறைப் பக்கம் போவது போல் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பூங்கொடி பார்த்துவிட்டாள், பாவம் என்று விட்டுவிட்டாள்.

மே 3, ஞாயிறு

கோவையில் ரயில் ஏற்றிவிட்டோம். பூங்கொடியும் கூடப் போகிறாள், ஹாஸ்டலில் விட்டுவிட்டு நாளை திரும்புவாள். எனக்கு நாளை டூட்டி. பெட்டியை நான் தூக்கினேன், அதிகக் கனம். கேட்டதற்கு, பாதி புத்தகம் என்றாள்.

குளவி நோட்டை என்னிடம் தரவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக, "மோட்டார் போட்டா மறக்காம நிறுத்துங்ப்பா," என்றாள்.

மே 9, சனி

மதியத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்து, மூன்று மணிக்குக் கோடை மழை பிடித்துக்கொண்டது. சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து குடையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அங்கே ஜன்னல் மேல் சன்ஷேடுக்கு அடியில் ஒரு கூடு இருக்கிறது, ஐந்து அறை மூடியது, ஆறாவது பாதியில் நிற்கிறது. எதிர்வீட்டு அம்மா, கரண்டு ஏதும் போச்சுங்களா என்று கேட்டார். இல்லீங்க, குளவி பாக்க வந்தேன் என்றேன். அவர் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்.

உட்கார்ந்து பார்த்தேன். குளவி கூட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இறக்கையை மடித்து வைத்திருந்தது. இரண்டு முறை மீசையை அசைத்தது. எங்கேயும் போகவில்லை, மண் எடுக்கவில்லை, பாதி அறை பாதியாகவே இருந்தது. இவ்வளவு பக்கத்தில் நான் ஒரு குளவியைப் பார்த்ததே இல்லை. இடுப்பு நூல் மாதிரி இருக்கிறது. குடைக்கு வெளியே இருந்த தோள் முழுக்க நனைந்துவிட்டது. அதற்குள் அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து எழுந்து ஓடினேன்.

வந்து மிதுனாவுக்குச் செய்தி அனுப்பினேன்: மழை. எதிர்வீட்டுக் கூடு. பூஜ்யம்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும்?

3.10 முதல் 3.50 வரை என்று அனுப்பினேன். விரல் அங்கேயே நின்றது. அப்புறம் மீதியையும் எழுதினேன்: ஒரு வீடு மட்டும்தான். மற்ற பதிமூன்றும் பார்க்கவில்லை. 3.50க்குப் பிறகும் பார்க்கவில்லை.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. வகுப்பில் இருப்பாள் என்று, தீய்ந்துபோன பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வந்தது.

நோட்டு என் அலமாரியில் மேல் தட்டில் இருக்குங்ப்பா. எடுத்து எழுதி வைங்க.